எம்பார்கோவும் பதினேழு மணிப் பதிவும்

நவம்பர் 12, செவ்வாய்

என் பெயர் ச. ஆவுடையப்பன். வயது ஐம்பது. ஊர் பாளையங்கோட்டை. 'ஆஸ்டர் கிரேஸ்' என்னும் சரக்குக் கப்பலில் முதன்மை அதிகாரி. அதாவது கேப்டனுக்கு அடுத்த பொறுப்பு; கப்பலில் 'சீஃப்' என்பர். இவ்வேட்டைத் தொடங்குவதன் நோக்கம் ஒன்றே. எங்கள் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜின் கண்ணாடியில் இன்று காலை ஒட்டப்பட்ட ஒரு ஸ்பானியச் சொல்லின் பிறப்பையும், ஆங்கிலத்தில் அதற்குள்ள உறவினர்களையும் ஒழுங்குபடத் திரட்ட விரும்புகிறேன். கப்பல் எப்போது விடுபடும் என்பது எவருக்கும் தெரியாத நிலையில் மனத்தை ஒரு வேலையில் கட்டிவைப்பது நல்லது.

கப்பல் பதிவேட்டின் விதிகளே இதற்கும் பொருந்தும். மையால் மட்டுமே எழுதப்படும். அழித்தல் கிடையாது. பிழை நேர்ந்தால் அவ்வரியின் மேல் ஒற்றைக் கோடு. அடிக்கப்பட்டது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அருகே முதலெழுத்தும் தேதியும்.

பின்னணியைச் சுருக்கமாகத் தருகிறேன். ஸ்பெயினின் தென்மேற்குக் கரையிலுள்ள சான் எலோய் என்ற சிறு துறைமுகத்திற்கு உரமூட்டைகளுடன் வந்து, முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தோம். இம்மாதம் 5ஆம் தேதி மாலை மேல்காற்று வலுத்து நங்கூரம் இழுபட்டது. 17:20க்குக் கப்பலின் பின்புறம் மீனவர் துறையின் மரமேடையில் மோதியது. மேடையில் நின்ற பசிலியோ என்ற சிப்பி அரித்தெடுக்கும் தொழிலாளியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. 16:00 முதல் 20:00 வரையான காவல் என்னுடையது. கண்காணிப்பு மாலுமியாக இருந்தவர் தூத்துக்குடியைச் சேர்ந்த ரோச் மச்சாது. 17:00 மணிக்கு நங்கூர நிலை சரிபார்க்கப்பட்டது.

நீதிமன்றச் செயலாளர் இனெஸ் என்ற அம்மையார் தம் கையாலேயே தாளை ஒட்டினார். பெரிய எழுத்தில்: எம்பார்கோ.

நவம்பர் 13, புதன்

காலை 06:30க்கு மின்னாக்கி நிறுத்தம். எரிபொருளைச் சேமிக்க நாளுக்கு நான்கு மணி நேரமே மின்சாரம். குடிநீர் 41 டன். விபத்துக்குப்பின் கப்பல் துறைமேடையில் கட்டப்பட்டுள்ளது; அதன் கட்டுக்கயிறுகளைக் கடலின் ஏற்ற வற்றத்துக்கு ஏற்ப இருமுறை தளர்த்தி இறுக்கினோம்.

சொல்லைப் பற்றி. 'எம்பார்கோ' ஆங்கிலத்திலும் மாறாத உருவிலேயே வழங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பானியத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டதாக என் சொற்பிறப்பு அகராதி கூறுகிறது. இதன் வினைச்சொல் 'எம்பார்கார்': தடுத்து நிறுத்துதல், பறிமுதல் செய்தல். இன்று ஆங்கிலத்தில் வணிகத் தடைக்கும், செய்தியைக் குறித்த நேரம்வரை வெளியிடாமல் வைத்திருப்பதற்கும் இச்சொல்லே வழங்குகிறது.

தேநீரின்போது ரோச்சிடம் இதை விளக்கினேன்.

"இதுக்கு ஏன் சார் இம்புட்டுச் சுத்து? ஜப்தின்னு சொன்னா எங்க தெருவுல சின்னப்புள்ளைக்கும் தெரியுமே" என்றார்.

'ஜப்தி' அரபியிலிருந்து வந்தது. ஆகவே இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் பொருள் மிகச் சரி. குறித்துக்கொண்டேன்.

அவர் தொடர்ந்தார்: "அந்தப் போலீஸ்காரன் எம் பேரப் படிச்சதும் 'மச்சாதோ, மச்சாதோ'ன்னு தோள்ல தட்டுதான் சார், ஏதோ காணாமப்போன சொந்தக்காரனக் கண்ட மாதிரி. நானும் இளிச்சிக்கிட்டு நிக்கேன். மறு நிமிசம் பாஸ்போர்ட்ட உருவிட்டான்."

சமையற்காரர் சிக்கந்தர் உரக்கச் சிரித்தார். எங்கள் எவருடைய பாஸ்போர்ட்டும் எடுக்கப்படவில்லை, கண்காணிப்பில் நின்ற ரோச்சினுடையது மட்டும்.

நவம்பர் 14, வியாழன்

மழை. எழுதத் தக்கது எதுவுமில்லை.

நவம்பர் 15, வெள்ளி

விசாரணை அதிகாரி 10:00க்கு வந்தார். பிரிட்ஜில் பேசுவதைப் பதியும் குரல் பதிவுக் கருவி ஆகஸ்டு முதல் பழுதாக இருந்ததற்கான ஆவணங்களைக் காட்டினேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூய கையெழுத்தில் ஒரு பதிவேட்டைத் தாம் கண்டதில்லை என்றார். கேப்டன் வரதன், "இருபத்திரண்டு வருஷத்துல இவர் மேல ஒரு குறிப்புகூட இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் காவலில் இருந்தபோது பிரிட்ஜின் பின்பகுதியில் திரையிட்ட வரைபட அறையில் வேலை செய்ததாகக் கூறினேன். நங்கூரக் காவலில், கண்காணிப்பு மாலுமி முன்னே நிற்கும்போது இது அனுமதிக்கப்பட்டது.

ரோச்சுக்கு ஆங்கிலத்தில் ஆணைகள் விளங்கும். வாக்குமூலம் தருமளவுக்கு வராது. இப்பகுதியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்காததால், தற்காலிகமாக என்னையே மொழிபெயர்க்கும்படி அதிகாரி கேட்டுக்கொண்டார்.

வினா: ஐந்து மணிக்கும் ஐந்தேகாலுக்கும் இடையே நீர் என்ன கண்டீர்?

ரோச் நீண்ட விடை அளித்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னது: "காற்று வலுப்பதைக் கண்டேன். தேவாலயக் கோபுரம் இடப்பக்கம் நகர்வதைக் கண்டேன். கப்பல் இழுபடுகிறது என்று உணர்ந்தேன்."

கேட்கப்பட்டது, என்ன கண்டீர் என்பது. அவர் கண்டவை முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டன.

அதிகாரி பேனாவை நிறுத்தி ரோச்சை நிமிர்ந்து பார்த்தார். "கண்டார். கண்டும் சும்மா நின்றார்" என்று தமக்குள்போலச் சொன்னார். ரோச் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்; எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

மதியம் சாம்பாரில் உப்பு மிகுதி.

நவம்பர் 17, ஞாயிறு

ரோச் ஊருக்குள் பூசைக்குச் சென்றுவிட்டு மூன்று மணி நேரம் பிந்தித் திரும்பினார். அனுமதிச் சீட்டில் 12:00 என்று இருந்தது; வந்தது 15:05. காரணம் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன் சார். அந்த பசிலியோவப் பாக்க."

"நீங்கள் குற்றம் சாட்டப்படக்கூடியவர். அவரைச் சந்திப்பது முறையாகாது."

"முறையாவது மண்ணாவது. மனுசனுக்குக் காலு போச்சு சார். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. எங்கிட்ட என்ன பாசை இருக்கு? பழம் வாங்கிட்டுப் போனேன். எங்க வைக்கன்னு தெரியாம 'மேசை, மேசை'ன்னேன். அவனும் 'மேசா, மேசா'ன்னு கைகாட்டுதான். அந்த ஒத்த வார்த்தைய வச்சே ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம்."

"நீங்கள் யார் என்பது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். அவன் பொண்டாட்டிக்கும் தெரியும். அவ எம் பக்கமே திரும்பல."

போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழ் பெற்ற 'மேசை' ஸ்பானியத்திலும் 'மேசா'வே. இதை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. கால தாமதத்தைப் பதிவுசெய்யவும் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

சரக்கறை எண் இரண்டின் மூடியில் துரு சுரண்டினோம்.

சொல்லாய்வில் முன்னேற்றம். 'எம்பார்கார்' என்பதற்குப் பேச்சு லத்தீனில் ஒரு மூலத்தை அறிஞர்கள் ஊகிக்கின்றனர். எழுத்துச் சான்று இல்லாததால் அதன் தலையில் * என்ற உடுக்குறி இடுவர். அதற்கும் அடியிலுள்ளது 'பார்ரா': குறுக்குக் கம்பு, தாழ்ப்பாள். ஆகவே எம்பார்கோ என்பது, அடியில், ஒருவன் வழியில் குறுக்கே போடப்பட்ட ஒரு கட்டை. 'பார்ரா'வும் எங்கிருந்து வந்ததென்று உறுதியில்லை; கெல்ட்டிய மொழியாக இருக்கலாம் என்பர்.

ஆங்கிலத்தில் இதன் மக்கள்: 'பார்' என்ற கம்பி, 'பேரியர்' என்ற தடுப்பு, நீதிமன்றத்தில் நீதிபதியையும் ஏனையோரையும் பிரிக்கும் கட்டை, அதனருகே நின்று வாதிட உரிமை பெற்ற 'பாரிஸ்டர்'. முகத்துவாரத்தின் குறுக்கே படுத்திருக்கும் மணல்திட்டும் 'பார்'தான். ஸ்பானியத்திலும் அவ்வாறே: நாங்கள் இங்கு வந்த அன்று துறைமுக வழிகாட்டி, கையை நீட்டி, "லா பார்ரா, லா பார்ரா" என்று எச்சரித்தார். அச்சொல்லை அன்றே பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன்.

அகராதியில் அப்பக்கத்தைத் திறந்தபோது என் காகிதத் துண்டு அங்கேயே இருந்தது. ஒரு சொல்லைப் பார்த்தால் அதன் ஓரத்தில் தேதியையும் நேரத்தையும் பென்சிலால் குறிப்பது என் இருபது ஆண்டுப் பழக்கம். இச்சொல்லின் ஓரத்திலும் இருந்தது. 5/11 — 1645.

அகராதியை மூடி வைத்தேன்.

நவம்பர் 20, புதன்

குடிநீர் 33 டன். உறக்கம் போதவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

கேப்டன் வரதன் என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

"நல்ல செய்தி, ஆவுடையப்பன். கப்பலைப் பாத்துக்க உள்ளூர் ஆளுங்களை நீதிமன்றமே போடுது. இருபத்தெட்டாம் தேதி காலைல நாம எல்லாரும் கிளம்பறோம். ஏழு மணிக்கு வண்டி."

"ரோச்?"

"அவன் கேஸ் இருபத்தொம்பது. அலட்சியத்தால் உடலுறுப்பு இழப்பு. இரண்டு வருஷம் வரைக்கும் போடலாமாம். கம்பெனி வக்கீல் யாரையாவது அனுப்புவாங்க."

"அனுப்புவார்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பதிவேடு தெளிவா இருக்கு. அஞ்சு மணிக்கு நிலை சரி, உங்க கையெழுத்து. அதுக்கப்புறம் பாத்தவன் சொல்லலை. நான் உங்களை ஒண்ணும் கேக்கலை. கேக்கப்போறதும் இல்லை. புரியுதா?"

புரிந்தது என்றேன்.

"வீட்ல சந்தோஷப்படுவாங்க" என்றார்.

நவம்பர் 23, சனி

ரோச் தம் மனைவி ஜெசிந்தாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். தொலைபேசியில் பேசினால் அழுகை வந்துவிடுகிறதாம். அவர் சொல்ல நான் எழுதினேன். வீட்டின் பின்சுவரைப் பூசிவிடு; படகில் என் பங்கை அண்ணனுக்குக் கொடுக்காதே; வந்துவிடுவேன். பத்து வரிகள்.

முடித்தபின் எழாமல் அமர்ந்திருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு நான் திரைக்கு வெளிய நின்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன்லா. 'சார், கோபுரம் நவுருது'ன்னு. நீங்களும் 'அஞ்சு நிமிசம், வாறேன்'னு சொன்னீங்கள்லா. அத அந்த ஆபீசர்ட்ட சொன்னேனே, நீங்க அதையும் எழுத வச்சிட்டீங்கதான?"

"கேட்ட வினாவுக்கு உரிய விடை எழுதப்பட்டுள்ளது" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்பச் சரி. இந்த சிக்கந்தர் காக்காதான் சும்மா கெளறிவிடுதாரு. 'படிச்சவன நம்பாதல'ங்காரு. நான் சொன்னேன், போரும் காக்கா, சீஃப் சாரு தன் தகப்பன் பேருல தப்பிருந்தாலும் கோடு போட்டுத் திருத்துற ஆளுன்னு."

உறையை ஒட்டினேன். பசை கையில் பட்டது, நெடுநேரம் கழுவினேன்.

நவம்பர் 25, திங்கள்

நீதிமன்ற அலுவலகத்திற்கு வரவழைக்கப்பட்டேன். இனெஸ் அம்மையார் கண்டிப்பானவர். மேசையில் தாள்கள் விளிம்போடு விளிம்பு பொருந்தி அடுக்கப்பட்டிருந்தன. வேறொரு சூழலில் இவரோடு நெடுநேரம் உரையாட விரும்பியிருப்பேன்.

ரோச்சின் வாக்குமூலத்திற்கு மொழிபெயர்ப்பாளர் உறுதிமொழி தேவை என்றார். படிவத்தில் இரண்டு வினாக்கள். ஒன்று: மொழிபெயர்ப்பு முழுமையானதா? இரண்டு: இவ்வழக்கின் முடிவால் உங்களுக்கு நன்மையோ தீமையோ உண்டா?

படிவத்தை ஒரு நாள் வைத்திருக்க அனுமதி கேட்டேன்.

"உங்களைப் பார்த்தால் உடனே நிரப்புபவர்போல் இருந்தது" என்றார்.

பேச்சை மாற்ற, நான் திரட்டிவருவதைச் சொன்னேன். அவர் ஆர்வமாகிவிட்டார். எம்பாரஸ் என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டேன்: வெட்கமும் சங்கடமும் அடைதல். அதுவும் இக்குடும்பமா? அவர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த நூலை இறக்கினார். அதில் தீர்ப்பு இல்லை. சிலர் அதையும் 'பார்ரா' என்ற கட்டையிலிருந்தே பிறப்பிக்கின்றனர். வேறு சிலர் போர்த்துக்கீசியத்தில் கயிற்றையும் சுருக்கையும் குறிக்கும் மற்றொரு சொல்லிலிருந்து. குறுக்குக் கட்டையா, கழுத்துக் கயிறா என்பது முடிவாகவில்லை.

"ஒன்றை விட்டுவிட்டீர்கள்," என்றார். "எங்கள் ஊரில் ஒருவர் நாளுக்கு ஐம்பது முறை 'எம்பார்கோ' என்பார், ஜப்திக்காக அன்று. 'சின் எம்பார்கோ'. அதற்கு 'ஆயினும்' என்று பொருள். சொல்லுக்குச் சொல், 'தடையின்றி'. முன்னே சொன்னது குறுக்கே நிற்கவில்லை. நான் இதையும் சொல்கிறேன், என்பதுபோல."

நன்றி கூறி எழுந்தேன். வாசலில் அவர் கேட்டார்: "அந்த மாலுமி அன்று மூன்று நிமிடம் பேசினார் என்று அதிகாரி சொன்னார். உங்கள் ஆங்கிலத்தில் அது மூன்று வரி. தமிழ் அவ்வளவு நீளமான மொழியா?"

"சில வேளைகளில்" என்றேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பெட்டி கட்டினேன். படிவத்தைச் சட்டைப்பையில் வைத்தேன், பின் மேசையில், பின் மீண்டும் பையில்.

நவம்பர் 27, புதன்

நிகழ்ந்தவற்றை நேர வரிசையில் எழுதுகிறேன்.

5ஆம் தேதி. 16:00: காவலை ஏற்றேன். கோபுரம், அலைதடுப்பு விளக்கு ஆகியவற்றின் திசைகோணங்களை எடுத்துப் பதிந்தேன். இவை உண்மை.

16:40: 17:00 மணிக்குரிய பதிவை அப்போதே எழுதினேன். 16:00 மணியின் எண்களையே மீண்டும் இட்டு, 'நிலை சரி' என்று கையொப்பமிட்டேன். நங்கூரக் காவலில் இவ்வாறு முன்கூட்டி எழுதிவைக்கும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. அதற்காக என் கீழுள்ள மூன்று இளம் அதிகாரிகளைக் கண்டித்து அறிக்கை அனுப்பியிருக்கிறேன். எனக்கு இதுவே முதல் முறை. இடையூறில்லாத ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது.

16:45: வரைபட அறையில் திரையை இழுத்துவிட்டு 'பார்ரா' என்ற சொல்லைத் திறந்தேன்.

17:02: ரோச் முதல் முறை அழைத்தார். "ஐந்து நிமிடம்" என்றேன்.

17:09: இரண்டாம் முறை. "வருகிறேன்" என்றேன். பாரிஸ்டர் வரை வந்திருந்தேன்.

17:16: வெளியே வந்தேன். கேப்டனை அழைத்தேன். இயந்திரம் தயாராகவில்லை.

17:20: மோதல்.

மேற்கண்டதை இன்று மதியம் முன்தளத்தில் ரோச்சிடம் தமிழில் சொன்னேன். 15ஆம் தேதி நான் விட்ட வாக்கியத்தையும் சொன்னேன். அவர் கையில் துரு சுரண்டும் சுத்தி இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மூணு வாரமா எனக்குச் சோறு எறங்கல. ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஆஸ்பத்திரியில அந்தப் பொம்பள என் மூஞ்சில முழிக்கல. நானும், சரி, ரெண்டு தடவக் கூப்பிட்டோமே, மூணாந்தடவ திரையக் கிழிச்சிக்கிட்டு உள்ள போயிருக்கணும்லா, நம்ம மேலயும் தப்புத்தான்னு நெனச்சிக் கெடந்தேன். கடுதாசி எழுதித் தந்தீரே, அப்பவும் வாய் தொறக்கல."

"இல்லை. மன்னிப்பு…"

"அத நீரே வச்சிக்கிடும். எனக்கு அது எதுக்குவே? சோத்துக்குத் தொட்டுக்கிடவா? அந்தம்மாட்டப் போயி சொல்லும். நான் சொன்னத ஒரு எழுத்து விடாமச் சொல்லும். பொறவு பாப்போம்."

ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக அவர் என்னைச் 'சார்' என்று அழைக்கவில்லை. சுத்தியை எடுத்து மீண்டும் சுரண்டத் தொடங்கினார். அடிகள் சீராக இல்லை.

மாலை கேப்டனிடம் அறிவித்தேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பின், "உங்க லைசென்ஸ் போகும். ஒருவேளை அவன் இடத்துல நீங்க உள்ள போவீங்க. நாளைக்கு இந்நேரம் நீங்க விமானத்துல இருக்கலாம், யாரும் எதையும் கேக்கப்போறதில்லை" என்றார்.

அவர் கூறியது ஒவ்வொன்றும் சரி.

நவம்பர் 28, வியாழன்

06:10. காற்று தென்மேற்கு, மிதம். வானம் தெளிவு. துறைமேடையில் வண்டி வந்து நிற்கிறது. சிக்கந்தர் பெட்டிகளை இறக்குகிறார். என் பெட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, "ரெண்டு சப்பாத்தி மூடி வச்சிருக்கேன், சீஃப். ஒண்ணு ரோச்சுக்கு" என்றார்.

இவ்வேட்டின் முதல் பக்கத்தில், 12ஆம் தேதிப் பதிவில், '17:00 மணிக்கு நங்கூர நிலை சரிபார்க்கப்பட்டது' என்ற வரியை ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறேன். அடிக்கப்பட்டது படிக்கும்படி உள்ளது. ச.ஆ., 28/11.

கப்பல் பதிவேடு நீதிமன்றத்தின் முத்திரையில் இருக்கிறது; அதிலுள்ள வரியை அவர்கள் முன்னிலையில்தான் அடிக்க முடியும்.

ஏழு மணி வண்டியில் நான் ஏறமாட்டேன். ஒன்பது மணிக்கு நீதிமன்ற அலுவலகம் திறந்ததும், இந்த ஏட்டையும், 1645 என்று ஓரத்தில் குறித்த அகராதியையும் இனெஸ் அம்மையாரிடம் ஒப்படைப்பேன். படிவத்தின் முதல் வினாவுக்கு 'இல்லை' என்றும், இரண்டாம் வினாவுக்கு 'உண்டு' என்றும் எழுதுவேன். ரோச் மச்சாது சொன்னதை, ஒரு எழுத்து விடாமல், முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதி, அதன் அடியில், மொழிபெயர்ப்பாளருக்கென விட்ட இடத்தை வெறுமையாக வைத்துவிட்டு, '5ஆம் தேதி 16:00 முதல் 20:00 வரை காவல் அதிகாரி' என்று கையொப்பமிடுவேன்.